ஊர்ப்பெயர் எஞ்சிய துணி: கைத்தறி மரபும் உலகமயமும் பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

சிங்கப்பூரின் கிழக்குக் கரையை ஒட்டிய பிடோக் வட்டாரத்தில், அடுக்குமாடி வீடுகளின் சன்னல்களுக்கு வெளியே நீட்டப்பட்ட கழிகளில் கட்டம்போட்ட கைலிகள் காய்வது அன்றாடக் காட்சியாகும். அவற்றை உடுத்துவோருள் மலாய்க்காரரும் உளர், தமிழரும் உளர். தமிழர் அதனைக் கைலி என்றும் சாரம் என்றும் லுங்கி என்றும் வழங்குவர். மலாய்மொழியில் அதற்குக் 'கைன் பெலிக்காட்' என்று பெயர். 'கைன்' என்பது துணியைக் குறிக்கும். 'பெலிக்காட்' என்பது சென்னைக்கு வடக்கே, ஏரியும் கடலும் கூடுமிடத்தில் அமைந்த பழவேற்காட்டின் பெயராகும். பழவேற்காட்டை ஐரோப்பியர் 'புலிகாட்' என்றனர். அதுவே மலாய் நாவில் பெலிக்காட் ஆயிற்று.

இன்று அப்பெயரில் விற்கப்படும் துணி பழவேற்காட்டிலிருந்து வருவதில்லை. அதிற் பெரும்பகுதி கைத்தறியில் நெய்யப்பட்டதும் அன்று. நடுச் சாவாவின் பெக்கலோங்கான், கிழக்குச் சாவாவின் கிரெசிக் முதலிய நகரங்களின் ஆலைகளிலிருந்தும், தமிழகத்தின் விசைத்தறிகளிலிருந்தும் அது வருகின்றது. ஊர் மாறிற்று; தறி மாறிற்று; பெயர் மட்டும் நின்றது.

கைத்தறி மரபையும் உலகமயத்தையும் பற்றிய உரைகள் பெரும்பாலும் ஒரே போக்கில் அமைவதைக் காணலாம். ஊரோடு ஒட்டிய, தன்னளவில் நிறைவான மரபு ஒன்று இருந்தது. 1990களுக்குப் பின் உலகச் சந்தை புகுந்து அதனைக் குலைத்தது. மரபின் பெயரைச் சட்டத்தாற் காப்பதே அதற்கு மருந்து என்பன அவ்வுரைகளின் சாரம். அசாமியக் கைத்தறியைப் பற்றிப் பேசுவோரும் காஞ்சிப் பட்டைப் பற்றிப் பேசுவோரும் இதே வாய்பாட்டைக் கையாளுகின்றனர். இவ்வாய்பாட்டைப் பெலிக்காட்டின் வரலாற்றோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நெய்வோருக்கும் நெய்த துணிக்கும் உள்ள உறவு எல்லா மரபுகளிலும் ஒன்றன்று. ஆதலின் உலகமயம் விளைக்கும் மாற்றமும் ஒன்றன்று. பெயரைக் காத்தல் என்னும் ஒரே மருந்து எல்லார்க்கும் உதவாது என்பதே நாம் இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

துறைமுகத்தின் பெயரும் தறியின் பெயரும்

சோழமண்டலக் கரையின் துணிகள் ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே மலாக்காவிற்கும் சாவாவிற்கும் சென்றுள்ளன. மொலுக்காத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கச் சென்ற வணிகர், அங்கே பண்டமாற்றுக்கு மிகவும் ஏற்ற பொருள் இந்தியத் துணியே என்பதை அறிந்திருந்தனர். டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி பழவேற்காட்டில் காலூன்றியதற்கும் இதுவே முதன்மைக் காரணமாகும். 1613இல் அங்குக் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும்வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் வணிகம் பழவேற்காட்டை மையமாகக் கொண்டே நடைபெற்றது.

இங்கு நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. துணி நெய்யப்பட்ட ஊர்கள் பல. அது திரட்டப்பட்டுக் கப்பலேறிய துறை ஒன்று. துணிக்கு வாய்த்தது துறையின் பெயரேயன்றித் தறியின் பெயரன்று. உள்நாட்டுச் சிற்றூர்களில் பாவு தோய்த்து, குழித்தறியில் அமர்ந்து நெய்தவர் எவர் என்பது அப்பெயரில் இல்லை. கோழிக்கோட்டின் பெயரைத் தாங்கிய காலிக்கோவிற்கும், சென்னையின் பெயரைத் தாங்கிய 'மதராஸ்' கட்டத்துணிக்கும் இது பொருந்தும். ஆகவே, துணியின் பெயர் நெய்தவரை மறைப்பது அண்மைக் காலத்தில் நேர்ந்த சீர்கேடன்று. ஏற்றுமதி வணிகத்தின் தொடக்கத்திலேயே அது நிகழ்ந்துவிட்டது எனலாம்.

'மரபான வடிவம்' என்பதையும் இவ்வாறே ஆராய்தல் வேண்டும். கைன் பெலிக்காட்டில் உடற்பகுதி ஒரு வகைக் கட்டமாகவும், 'கெப்பாலா', அதாவது தலை, எனப்படும் அகன்ற பட்டை வேறு வகைக் கட்டமாகவும் அமைந்திருக்கும். ஆடவர் அதனை உடுத்தும்போது கெப்பாலா பின்புறம் வருமாறு உடுத்துவது வழக்கம். இவ்வமைப்பு உடுத்துவோரின் வழக்கத்திலிருந்து தறிக்கு வந்ததாகும். கடல் கடந்த நாடுகளில் எந்த நிறம் விரும்பப்படுகிறது, எந்த அளவு செல்லுபடியாகும் என்பதற்கு வணிகர் மாதிரிகளைக் கொணர்ந்தனர். நெசவாளர் அவற்றிற்கேற்ப நெய்தனர். பாவிலும் ஊடையிலும் சாயமிட்ட நூலை முறை மாற்றிக் கோத்துக் கட்டம் எழுப்பும் நுட்பம் தமிழகத்து நெசவாளருடையது. கட்டம் எவ்வாறு அமைய வேண்டும் என்னும் விருப்பம் மலாய் உலகினுடையது. இவ்விரண்டும் கூடியே இம்மரபு உருவாயிற்று. உலகச் சந்தைக்கு வெளியே நின்ற தூய மரபு என்பது பெலிக்காட்டைப் பொறுத்தவரை ஒருபோதும் இருந்ததில்லை.

இதே நிலையை மேற்காப்பிரிக்காவிலும் காணலாம். மதராஸ் கட்டத்துணியை நைசர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் 'இஞ்சிரி' என்று போற்றுகின்றனர். கலபாரிப் பெண்கள் அத்துணியிலிருந்து குறிப்பிட்ட இழைகளை அறுத்து நீக்கிப் புதிய கோலங்களை உருவாக்குவர். அவ்வாறு உருவான துணியைத் தங்கள் குலச் சடங்குகளில் பயன்படுத்துவர். 1960களில் அமெரிக்காவிலோ, அதே கட்டத்துணி சலவையில் சாயம் விடும் குறையே அதன் தனிச்சிறப்பாக விளம்பரப்படுத்தப்பட்டது. ஒரே தறியின் துணி ஓரிடத்தில் சடங்குப் பொருளாகவும், மற்றோரிடத்தில் நவநாகரிக உடையாகவும், இங்கே வீட்டிலும் பள்ளிவாசலிலும் உடுத்தும் எளிய உடையாகவும் பொருள் பெற்றது. இப்பொருள்களுள் எதனையும் நெய்தவர் அறிந்திருக்க வேண்டிய தேவை எழவில்லை.

பழவேற்காட்டையும் சிங்கப்பூரையும் இணைக்கும் அரசியற் செய்தியும் ஒன்றுண்டு. 1824ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் இலண்டனில் கையெழுத்தான ஆங்கில–டச்சு உடன்படிக்கையில், டச்சுக்காரர் இந்தியாவிலுள்ள தம் இடங்களை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தனர். அதே உடன்படிக்கையில் சிங்கப்பூரை ஆங்கிலேயர் வைத்திருப்பதற்குத் தாம் கூறிவந்த மறுப்பையும் கைவிட்டனர். பழவேற்காடு துறைமுகச் சிறப்பை இழந்ததும் சிங்கப்பூர் துறைமுகமாக உறுதிபெற்றதும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டன. அதனையடுத்த ஆண்டுகளில் இங்கு எழுந்த சூலியா பள்ளிவாசலும் (1826), தெலுக் ஆயர் சாலையிலுள்ள நாகூர் தர்காவும் (1828–1830) சோழமண்டலக் கரையின் தமிழ் முசுலிம்கள் இங்கு வேரூன்றியதற்குச் சான்றுகளாகும். அவர்தம் வணிகப் பொருள்களுள் துணி முதன்மையானது. அராப் சாலைத் துணிக்கடைகளில் இந்திய முசுலிம் வணிகரின் பங்கு இன்றும் காணத்தக்கது.

இவ்விழை எத்துணை இறுக்கமானது என்பதை இரண்டாம் உலகப்போர் காட்டிற்று. 1942 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சியில் இறக்குமதி அற்றுப்போய், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மக்கள் உடுத்தத் துணியின்றித் தவித்தனர். அதே காலத்தில் பர்மாவையும் மலாயாவையும் நம்பியிருந்த தமிழகத்துக் கைலி நெசவாளர் தம் சந்தையை இழந்தனர். ஒரு கரையில் துணிப் பஞ்சம். மறு கரையில் துணி கொள்வாரில்லாப் பஞ்சம். உலகமயம் என்னும் சொல் தமிழில் வழங்குவதற்கு அரை நூற்றாண்டிற்கு முன்னரே அதன் பயனையும் பாதிப்பையும் கைலி நெசவாளர் துய்த்துவிட்டனர்.

நெய்வோரும் துணியும்: மூவகை உறவு

மேற்கூறியவற்றை மனத்திற்கொண்டு, இந்தியக் கைத்தறி மரபுகளுள் நெய்வோருக்கும் துணிக்கும் உள்ள உறவினை நாம் மூவகையாகப் பகுத்துக் காண்கிறோம். முதலாவது, தமக்கென நெய்தல். இரண்டாவது, உடைமையாளருக்காக நெய்தல். மூன்றாவது, கண்டறியாத அயலாருக்காக நெய்தல். இவை ஒன்றோடொன்று கலந்தும் நிகழும். எனினும் ஒவ்வொன்றிலும் மேலோங்கி நிற்பது எது என்று காண்பது தெளிவுக்கு உதவும்.

தமக்கென நெய்தலுக்கு அசாம் சிறந்த எடுத்துக்காட்டாகும். இந்தியாவில் கைத்தறித் தொழிலாளர் மிகுதியாக உள்ள மாநிலம் அசாமே. அங்கு நெசவு தனியொரு குலத்தின் தொழிலாக மட்டும் நில்லாது, சிற்றூர் வீடுகளின் பெண்கள் பலரும் அறிந்த கலையாக விளங்குகின்றது. பிகுத் திருநாளில் அன்புக்குரியோர்க்கும் பெரியோர்க்கும் அளிக்கும் கமோசா என்னும் துண்டும், பெண்டிர் உடுத்தும் மேகலா சாதரும் வீட்டுத் தறியிலேயே பிறப்பன. நெய்பவளே உடுத்துகிறாள், அல்லது தான் நன்கறிந்த ஒருவருக்கு உடுத்தக் கொடுக்கிறாள். பிரம்மபுத்திரையின் வடகரையிலுள்ள சுவால்குச்சி போன்ற ஊர்களில் விற்பனைக்கான பட்டு நெசவு தனித்தொழிலாக வளர்ந்துள்ளது என்பதும் உண்மையே. ஆயினும் அசாமிய மக்களின் உள்ளத்தில் தறி என்பது வீட்டின் ஓர் உறுப்பாகவே நிலைத்துள்ளது.

இத்தகைய மரபில் சந்தை வாயில்வழியே வீட்டுக்குள் நுழைகின்றது. பிற மாநிலங்களின் விசைத்தறிகளில் நெய்யப்பட்ட மலிவான மேகலா சாதர்களும் கமோசாக்களும் அசாமியக் கடைகளை நிறைத்தன. 2013இல் பனாரசிலிருந்து வந்த போலி மேகலா சாதர்களை எதிர்த்துச் சுவால்குச்சியில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. 2022இல் கமோசாவிற்குப் புவிசார் குறியீடு கிட்டிற்று. 2023 மார்ச்சு முதல் விசைத்தறிக் கமோசா, மேகலா சாதர் முதலியவற்றின் விற்பனையை அசாம் அரசு தடுக்க முற்பட்டது. இங்கு வாங்குவோரும் நெய்வோரும் ஒரே மக்கள். தாம் உடுத்துவது எது என்பதில் அவர்களுக்கு ஒரு தன்மானம் உண்டு. ஆதலின் பெயரைக் காக்கும் சட்டம் அங்கு ஓரளவு கால்கொள்ள இடமுண்டு.

உடைமையாளருக்காக நெய்தலுக்குக் காஞ்சிபுரம் எடுத்துக்காட்டு. கோர்வை முறையில் கரையையும் உடலையும் தனித்தனி நாடாக்களால் இணைப்பதும், முந்தானையைப் பிட்னி இட்டுச் சேர்ப்பதும் பல்லாண்டுப் பயிற்சியால் வருவன. அகன்ற கரை வைத்த கோர்வைச் சேலைக்கு நெய்பவரோடு துணைக்கு மற்றொருவரும் தறியில் அமர வேண்டும். பட்டு நூலும் சரிகையும் முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திடமிருந்தோ வரும். நெசவாளருக்குக் கிட்டுவது கூலி. திருமணத்திற்குப் பட்டு வாங்கும் குடும்பத்தார் கடையின் பெயரை அறிவர், காஞ்சியின் பெயரை அறிவர், நெய்தவரை அறியார். நெய்தவரும் தாம் நெய்த பட்டைத் தம் மகளுக்கு உடுத்திப் பார்ப்பது அரிது.

மூன்றாவது வகையே பெலிக்காட். இங்கு நெய்பவர் உடுத்துபவரைக் கண்டதில்லை. அவர் மொழியையும் அறியார். குடியாத்தம், குறிஞ்சிப்பாடி முதலிய ஊர்களின் கைலித்தறிகள் இவ்வகையைச் சார்ந்தவை. அசாமிலிருந்து இது முற்றும் வேறுபட்டது. அங்கே சந்தை உள்ளே வந்தது. இங்கே சந்தை வெளியேறியது. உடுத்துவோர் தமக்கு வேண்டிய கட்டத்தைத் தம் நாட்டு ஆலையிலேயே மலிவாகப் பெறத் தொடங்கியதும் கடலுக்கு அப்பாலிருந்த தறியை நினைக்கும் தேவை அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. அவர்களைக் குறை கூறுவதற்கும் இடமில்லை. வாங்கும் ஏழை எளியோருக்கு விலை குறைந்த துணி ஒரு நன்மையே. தேக்கா வட்டாரக் கடைகளில் கைலி வாங்கும் வெளிநாட்டுத் தொழிலாளரிடம் கைத்தறிப் பற்றினை எதிர்பார்ப்பது அறமாகாது. இச்சிக்கலை மறைத்துவிட்டுக் கைத்தறிக்காக இரங்கும் திறனாய்வு, இழப்பின் ஒரு பக்கத்தை மட்டுமே கண்டதாகும்.

படைப்புகள் காட்டும் நெசவாளர்

தமிழ் இலக்கண மரபில் நூற்றலுக்கும் நெய்தலுக்கும் உயர்ந்த இடமுண்டு. இழைக்கும் ஏட்டிற்கும் 'நூல்' என்பதே பெயர். நன்னூல், புலவனைப் பஞ்சு நூற்கும் பெண்ணோடு ஒப்பிடுகின்றது. சிலப்பதிகாரம் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் பட்டாலும் மயிராலும் பருத்தியாலும் நெய்யும் காருகரின் இருப்பிடத்தைச் சுட்டுகின்றது. எனினும் உவமையாகவும் நகர வளத்தின் அடையாளமாகவும் வரும் நெசவாளர், பசியும் கடனும் உடைய மாந்தராக வருவதற்கு இருபதாம் நூற்றாண்டுப் புதினம் தோன்ற வேண்டியிருந்தது.

1953இல் வெளிவந்த தொ. மு. சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' அவ்வகையில் முன்னோடியாகும். நெல்லைச் சீமையின் கைத்தறி நெசவாளர் விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் உற்ற துயரை அது பொருளாகக் கொண்டது. நூல் தட்டுப்பாடும் பதுக்கலும் விற்பனைத் தேக்கமும் ஒரு சமூகத்தையே பட்டினிக்கு உள்ளாக்குவதை அது காட்டுகின்றது. கமில் சுவலபில் அதனைச் செக் மொழியில் பெயர்த்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. நெசவாளரின் வறுமையை விதி என்றோ சோம்பல் என்றோ கூறாது, பஞ்சுக்கும் நூலுக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்ற கேள்வியாக மாற்றியதே அப்புதினத்தின் வலிமை. அதன் முடிவுகள் கட்சி சார்ந்த நம்பிக்கையோடு அமைந்தவை என்று குறை கூறுவோர் உளர். அக்குறையை ஏற்றாலும், தறியைத் தறியாக மட்டும் பாராமல், அதற்கு முன்னும் பின்னும் நீளும் வணிகச் சங்கிலியைக் கண்ட முதற் பார்வை அதுவே என்பதை மறுத்தற்கில்லை.

1975இல் வெளிவந்த எம். வி. வெங்கட்ராமின் 'வேள்வித் தீ' வேறு தளத்தில் இயங்குகின்றது. கும்பகோணத்துச் சௌராட்டிரப் பட்டு நெசவாளரின் வாழ்வை உள்ளிருந்து கண்டெழுதிய படைப்பு அது. நெசவும் குடும்பமும் பிரிக்கவியலாதவாறு பின்னிக் கிடப்பதை வெங்கட்ராம் காட்டுவதுபோல் பிறர் காட்டியதில்லை எனலாம். தறியில் அமர்பவர் ஒருவராயினும் நூல் இழைப்பதும் தார் சுற்றுவதும் பாவு புணைப்பதும் வீட்டாரனைவரின் உழைப்பாகும். கூலி கணக்கிடப்படும்போது பெரும்பாலும் தறியில் அமர்ந்தவரின் உழைப்பே கண்ணிற்படுகின்றது. பெண்டிரின் உழைப்பு துணிக்குள் மறைந்துவிடுகின்றது.

பிரியதர்சனின் 'காஞ்சிவரம்' (2008) திரைப்படம், நாம் மேலே கூறிய இரண்டாம் வகை உறவினை அதன் கொடிய முனைவரை கொண்டுசெல்கின்றது. மகளின் திருமணத்திற்குப் பட்டுச்சேலை தருவதாகச் சொன்ன நெசவாளன், முதலாளியின் பட்டு இழைகளை வாயில் ஒளித்துக் கொணர்ந்து வீட்டில் மறைவாக நெய்கிறான். இறுதியில் அப்பட்டு மகளின் உடலை முழுதும் மூடவும் போதவில்லை. நெய்தவருக்கு நெய்த துணி உரியதன்று என்னும் உண்மையை இதனினும் கூர்மையாகக் காட்டுதல் அரிது. ஆயினும் படத்தின் காலம் விடுதலையை ஒட்டிய காலமாதலால், இக்கொடுமை நிலவுடைமைக் காலத்தோடு முடிந்துவிட்டது என்னும் எண்ணத்தைப் பார்ப்போர் கொள்ளக்கூடும். இந்திய அரசின் 2019–20ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நெசவாளர் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவான வருவாய் உடையன என்று தெரியவந்தது. கொடுமை முடியவில்லை, அதன் வடிவம் மாறியுள்ளது.

இம்மூன்று படைப்புகளிலும் ஒரு பொது இடைவெளி உண்டு. முதலாளி வருகிறார், நூல் வணிகர் வருகிறார், கடலுக்கு அப்பால் அத்துணியை உடுத்துபவர் வருவதில்லை. பர்மாவிற்கும் இலங்கைக்கும் மலாயாவிற்கும் நெய்த நெசவாளரின் கதையை, உடுத்தியோரின் கரையிலிருந்தும் நோக்கி எழுதிய பெரும் புதினம் தமிழுக்கு இன்னும் வாய்க்கவில்லை என்றே கருதுகிறோம். அயலகத் தமிழிலக்கியம் பால்மரக் காட்டையும் துறைமுகத்தையும் பொருளாக்கியது. அங்கு உடுத்திய துணி வந்த வழியை அத்துணை ஆழமாகத் தேடவில்லை.

பெயருக்குக் காப்பு, தறிக்கு?

இந்தியாவில் கைத்தறிக்குச் சட்டக் காப்பு இருவழிகளில் அமைந்துள்ளது. முதலாவது, பொருளைக் காத்தல். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் தொடக்கத்தில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கிற்று. பின்னர் அது 11 வகைகளாகக் குறைக்கப்பட்டது. அப்பட்டியலில் சேலை, வேட்டி, துண்டு ஆகியவற்றோடு லுங்கியும் இடம்பெறுகின்றது. அசாமின் மேகலா சாதரும் இடம்பெறுகின்றது. பழவேற்காட்டின் வழித்தோன்றலும் பிரம்மபுத்திரைக் கரையின் வழித்தோன்றலும் ஒரே சட்டத்தின் நிழலில் நிற்கின்றன. ஆனால் அந்நிழல் இந்திய எல்லையோடு முடிகின்றது. அயல்நாட்டு ஆலையில் நெய்யப்பட்டு அயல்நாட்டிலேயே விற்கப்படும் கைலியை இச்சட்டம் தொடவியலாது. உள்நாட்டிலும், விசைத்தறியில் நெய்து கைத்தறி என்று விற்பதைத் தடுக்கும் கண்காணிப்பு போதிய அளவில் அமையவில்லை.

இரண்டாவது, பெயரைக் காத்தல். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு, பவானிச் சமக்காளம், மதுரைச் சுங்குடி, அசாமின் முகாப் பட்டு முதலியன அதன்கீழ்ப் பதிவுபெற்றன. ஓர் ஊரின் பெயருக்கும் அவ்வூரில் விளையும் பொருளுக்கும் உள்ள தொடர்பைச் சட்டம் ஏற்பது நன்றே. எனினும் பெலிக்காட் இம்முறையின் எல்லையை நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றது. ஊர்ப்பெயர் பொதுப்பெயராகிவிட்டபின் அதனை மீட்பது பெரும்பாலும் இயலாது. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாடும் பொதுவழக்காகிவிட்ட பெயர்களுக்கு விலக்களிக்கின்றது. அதனினும் ஆழ்ந்த தடையொன்றுண்டு. மீட்டாலும் யாருக்காக மீட்பது? இன்றைய பழவேற்காடு மீன்பிடித் தொழிலாலும் ஏரியின் பறவைகளாலும் அறியப்படும் ஊர். அங்குள்ள முசுலிம் பெண்டிர் பனையோலையிற் பெட்டிகள் முடைகின்றனர். கைலி நெய்பவர் வேறு ஊர்களில் உள்ளனர். பெயருக்கு உரிய ஊரில் தறியில்லை. தறியுள்ள ஊருக்குப் பெயரில்லை.

பதிவுபெற்ற பெயர்களின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். புவிசார் குறியீடு ஊருக்கும் பொருளுக்கும் உரியது. அதனால் வரும் கூடுதல் விலையில் கூலி நெசவாளருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பதை அச்சட்டம் வரையறுப்பதில்லை. 2009–10ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 43 இலட்சத்திற்கு மேலிருந்த இந்தியக் கைத்தறித் தொழிலாளர் தொகை, 2019–20இல் ஏறத்தாழ 35 இலட்சமாகக் குறைந்தது. பெயர்கள் பதிவான ஆண்டுகளிலேயே கைகள் குறைந்தன. பதிவினால்தான் குறைந்தன என்று நாம் கூறவில்லை. பதிவு மட்டும் அக்குறைவைத் தடுக்கவில்லை என்பதே நாம் வற்புறுத்துவது.

ஆகவே மூவகை உறவிற்கும் மூவகை மருந்து வேண்டும். தமக்கென நெய்வோருக்குப் போலியைத் தடுக்கும் காவலும் தரமான நூலும் முதன்மையானவை. உடைமையாளருக்காக நெய்வோருக்குக் கூலிச் சட்டமும் கூட்டுறவின் நேர்மையுமே உயிர்நாடி. 1935 முதல் இயங்கிவரும் கோ-ஆப்டெக்சு போன்ற அமைப்புகளின் வலிமையும் தளர்ச்சியும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பைத் தீர்மானிக்கின்றன. அயலாருக்காக நெய்வோருக்கோ, உடுத்துவோரோடு நேர்த்தொடர்பு வேண்டும். தாம் உடுத்துவது எங்கு, எவரால் நெய்யப்பட்டது என்று கடலின் இக்கரையில் உள்ளோர் கேட்கும் நிலை உருவானாலன்றி அவர்தம் தறி நிலைப்பது அரிது.

சிங்கப்பூர்ச் சூழலும் தமிழாசிரியர் பணியும்

இக்கேள்வி நம்மைச் சிங்கப்பூருக்கே மீளக் கொணர்கின்றது. இங்குத் தமிழர் மரபுடை என்றவுடன் பட்டுச்சேலையும் வேட்டியும் நினைவுக்கு வருகின்றன. தீபாவளிக் கால லிட்டில் இந்தியாவின் கடைகளும் பள்ளிகளின் மரபுடைமை விழாக்களும் அவற்றையே முன்னிறுத்துகின்றன. கைலிக்கு அங்கு இடமில்லை. அது உழைப்போரின் உடை, வீட்டுக்குள் உடுத்தும் உடை, பாட்டனாரின் உடை. விழாவுக்குரியது மரபு என்றும் அன்றாடத்திற்குரியது வெறும் வழக்கம் என்றும் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இப்பிரிவு வகுப்பு வேறுபாட்டின் மற்றொரு முகமே என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2024 டிசம்பரில் கெபாயா என்னும் உடையைப் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் கூட்டு மரபாக யுனெஸ்கோ ஏற்றது. பாத்திக் 2009இலேயே இந்தோனேசியாவின் பெயரால் இடம்பெற்றிருந்தது. பெலிக்காட்டை எவரும் இவ்வாறு தமதென்று கூறி முன்வரவில்லை. மலாய் உலகிற்கு அது வெளியிலிருந்து வந்த துணி. தமிழகத்திற்கு அது வெளியே அனுப்பிய துணி. இருகரைக்கும் உரியதாயிருப்பதே அது எக்கரையின் மரபுப் பட்டியலிலும் இடம்பெறாமைக்குக் காரணமாயிற்று. அருங்காட்சியகங்கள் போற்றும் சோழமண்டலத் துணிகளுள் ஓவியத் துணிகளே மிகுதி. கட்டம்போட்ட பருத்தித் துணியோ கந்தலாகும்வரை உடுத்தப்பட்டது, பின்னர்க் கரித்துணியாயிற்று. பயன்பட்டுத் தீர்ந்ததனாலேயே அது வரலாற்றிலிருந்தும் தேய்ந்தது.

தமிழாசிரியர்க்கு இதில் ஆற்றத்தக்க பணி உண்டு. பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது, தார், சிட்டம் முதலிய சொற்கள் நெசவூர்களுக்கு வெளியே வழக்கொழிந்து வருகின்றன. 'ஊடும் பாவும்போல' என்னும் தொடரை மாணவர் எழுதுகின்றனர். ஊடு எது, பாவு எது என்று அறிவார் சிலரே. மலாய்மொழி பேசும் நண்பரோடு ஒரே மாடியில் வாழும் தமிழ் மாணவருக்குப் பெலிக்காட் என்னும் ஒரு சொல், இரு மொழிகளின் உறவையும் ஒரு கடற்கரையின் வரலாற்றையும் உழைப்பின் மதிப்பையும் ஒருங்கே கற்பிக்க வல்லது. பாட்டனாரின் கைலியை வகுப்பிற்குக் கொணரச் செய்து, அதன் இருபுறத்தையும் நோக்கச் சொல்லலாம். சாயநூலால் நெய்த கட்டம் இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும். அச்சிட்ட கட்டம் மறுபுறத்தில் வெளுத்திருக்கும். கைத்தறியையும் விசைத்தறியையும் பிரித்தறிய இது மட்டும் போதாது. ஆயினும் துணியைக் கூர்ந்து நோக்கும் பழக்கத்திற்கு இது நல்ல தொடக்கமாகும்.

முடிவுரை

உலகமயம் கைத்தறி மரபை அழிக்கின்றது என்னும் பொதுக்கூற்று, எந்த மரபு, யாருக்காக நெய்த மரபு என்னும் கேள்விகளை எழுப்பாத வரையில் குறையுடையதே. அசாமியப் பெண்ணின் வீட்டுத்தறிக்கு நேர்வது வேறு. காஞ்சிக் கூலி நெசவாளருக்கு நேர்வது வேறு. கைலி நெசவாளருக்கு நேர்வது வேறு. பெலிக்காட் வரலாறு காட்டுவது, உலகச் சந்தையே ஒரு மரபை உருவாக்கவும் கூடும், அம்மரபிலிருந்து அதனை நெய்தவரையே வெளியேற்றவும் கூடும் என்பதாகும். அவ்வாறு வெளியேற்றியபின்னும் பெயர் அழிவதில்லை. விற்பனைக்கு அது தேவைப்படுகின்றது.

ஆதலின் பெயரைக் காப்பதோடு திறனாய்வின் கடமையும் அரசின் கடமையும் முடிந்துவிடா. ஒரு துணியின் பெயரைக் கேட்கும்போது அதனை நெய்த கையையும், அக்கைக்குக் கிடைத்த கூலியையும் சேர்த்துக் கேட்கும் வழக்கம் உருவாதல் வேண்டும். குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தறிகள் இக்கேள்வியை நம்மிடம் எதிர்பார்க்கின்றன. அவை ஓடும்வரை அதற்கு விடை காணவும் காலம் உண்டு.